மெட்டுக்கு மேலே ஒரு வீடு

"உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால் நம்மவர்களில் யாரும் உத்தியோகம் பார்க்கும் ஊரைச் சொல்வதில்லை. பம்பாயில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவரும் "திருவையாற்றுப் பக்கம்" என்றுதான் ஆரம்பிப்பார். அங்கே அவருக்கு ஒரு வீடு இருக்கும். கூரை சரிந்து, கொல்லைச் சுவர் விழுந்து, உள்ளே பூனை குடித்தனம் நடத்தலாம். ஆனாலும் வீடு வீடுதான். வீடு எங்கேயோ அங்கே ஊர். ஊர் எங்கேயோ அங்கே மனிதர். இது நம்முடைய கணக்கு.

இந்தக் கணக்கைச் சர்க்கார்களும் போடுவார்கள். நாம் போடும்போது அது பாசம். அவர்கள் போடும்போது அது எல்லைக் கோடு. போடிநாயக்கனூருக்கு மேலே இருக்கும் ஏலமலையின் சரித்திரத்தைப் புரட்டினால் இந்த இரண்டு கணக்குகளும் எப்படி மோதின என்பது தெரியும். அந்த மோதலில் மலை யாருக்கு என்ற கேள்விக்கு, வீடு யாருக்கு என்பதே பதிலாகிவிட்டது.

தேனி ஜில்லாவின் மேற்கு மூலையில் மலைகளின் மடியில் உட்கார்ந்திருக்கிறது போடி. ஊரைத் தாண்டி மேற்கே போகும் சாலை முந்தலைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைகிறது. மலையைக் கடக்கும் கணவாய்க்கு அந்தப் பக்கத்தில் 'மெட்டு' என்று பெயர். போடிக்குப் போடிமெட்டு, கம்பத்துக்குக் கம்பமெட்டு, தேவாரத்துக்குச் சாக்கலூத்து மெட்டு. மெட்டுக்கு இப்பால் தமிழ்நாடு. அப்பால் கேரளத்தின் இடுக்கி ஜில்லா. விடிவதற்கு முன்பே தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்துக் கொண்டு மேலே போகிறார்கள். பகல் முழுவதும் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறார்கள். இருட்டும் நேரத்தில் அதே ஜீப்பில் கீழே வருகிறார்கள். வேலை ஒரு ராஜ்யத்தில், உலை வைப்பது இன்னொரு ராஜ்யத்தில். அவர்கள் எடுத்த காயும் இறங்கி வருகிறது. போடியில் ஏலக்காய்க்கு ஏலம் நடக்கிறது. தமிழ் தெரிந்த யாரும் இந்தச் சிலேடையைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க முடியாது.

காலையில் ஏறி மாலையில் இறங்கும் இந்தப் பழக்கம் ஜீப்பு வந்த பிறகு பிறந்ததல்ல. முன்பு அது பருவத்துக்கு ஒரு முறை நடந்தது. இப்போது நாளுக்கு ஒரு முறை நடக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏலச்செடி வெயில் தாங்காது. பெரிய மரங்களின் நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், குளிர் வேண்டும். ஆகவே காட்டை அழிக்காமல், காட்டுக்குள்ளேயே கீழ்ப்புதரை மட்டும் வெட்டி ஏலம் வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு ஏலக்காய் ஏகபோகச் சரக்கு. விளைவித்தவன் சர்க்காருக்குத்தான் கொடுக்க வேண்டும். சர்க்கார் வைத்ததுதான் விலை. அப்படி விளைவித்தவர்களில் பலர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடிப் பக்கத்திலிருந்தும் மலையேறிப் போன குடியானவர்கள். மேற்கே இருந்தவர்களுக்கு அந்த மலைகள் நாள் கணக்கில் நடக்க வேண்டிய அடர்ந்த காடு. கிழக்கே இருந்தவர்களுக்கோ விடியற்காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரும் தூரம்.

ஆனால் அவர்கள் அங்கே வீடு கட்டவில்லை. காரணம் மலைக்காய்ச்சல். இன்று மலேரியா என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த நாளில் மழைக்காலத்தில் மலையில் தங்கியவன் திரும்பி வந்தால் அது குலதெய்வத்தின் புண்ணியம். காய் எடுக்கும் காலத்தில் ஒரு சாளை போட்டுக்கொள்வார்கள். காயை உலர்த்த ஒரு கொட்டகை, அதற்குள் நெருப்பு, அதைச் சுற்றிப் படுக்கை. பருவம் முடிந்தால் மூட்டையோடு இறங்கிவிடுவார்கள். சாமி கும்பிடுவதும், பெண் கொடுப்பதும், பிள்ளை பெறுவதும், சாவதும் எல்லாம் கீழே. மலை சோறு போட்டது. ஊர் வேறாக இருந்தது.

இதற்கு விலக்காக மேலேயே வாழ்ந்தவர்கள் இரண்டு வகையினர். முதல் வகையினர் முதுவரும் மன்னாரும் பளியரும். மலையைப் பற்றிய சட்டங்கள் எழுதப்படுவதற்கு முன்பிருந்தே மலையில் இருப்பவர்கள் அவர்கள். குரங்கணிக்கு மேலே இருக்கும் முதுவாக்குடி அவர்களில் ஒரு சாராரின் பெயரையே சுமந்து நிற்கிறது. மற்றொரு வகையினர் தேயிலைத் தோட்டக் கூலிகள். 1877-ல் ஜே. டி. மன்றோ என்ற துரை பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு தேயிலை வந்தது. தேயிலை வந்ததும் பாண்டிச் சீமையிலிருந்து ஆட்கள் போனார்கள். மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிக்கயிற்றில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடி போய்க் கப்பலேறின. 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. பெயர்கள் மட்டும் மிச்சம். ரயிலே இல்லாத மலை உச்சிக்கு இன்றும் டாப் ஸ்டேஷன் என்றே பெயர்.

தோட்டத்தில் கூலிகளுக்கு 'லயம்' என்று வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு நீண்ட கூரை. அதன் கீழ் தடுத்துத் தடுத்து ஓர் அறையும் ஓர் அடுப்பங்கரையும். பேரன் பேத்தி எடுத்தவர்களும் அங்கேயே பிறந்தவர்கள்தான். ஆனால் அந்த வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகும். வயதாகி வேலை முடிந்த அன்றைக்குச் சாவியையும் கொடுக்க வேண்டும். ஆக, கீழே வீடும் மேலே வேலையுமாக இருந்தவர்கள் ஒரு பக்கம். மேலேயே பிறந்தும் சொந்தத்தில் ஓர் ஓடு கூட இல்லாதவர்கள் ஒரு பக்கம். இவர்கள் எல்லோரும் பேசிய பாஷை பெரும்பாலும் தமிழ். 1951-ஆம் வருஷக் குடிக்கணக்கில் தேவிகுளம் தாலுகாவில் தமிழ் பேசுகிறவர்களே அதிகம்.

இந்த நிலைமையை மாற்றியது எங்கேயோ நடந்த யுத்தம். 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். ரங்கூன் அரிசி நின்றது. திருவிதாங்கூர் தன் வயிற்றுக்கு வெளிநாட்டு அரிசியை நம்பியிருந்த சமஸ்தானம். பஞ்சம் தலைவிரித்து ஆடியது. "காட்டில் உணவுப் பயிர் செய்யுங்கள்" என்று சமஸ்தானம் சொல்லவேண்டி வந்தது. மீனச்சில் பக்கத்துக் குடியானவர்கள் கோடாலியும் மண்வெட்டியும் மரவள்ளித் தண்டுமாக மலையேறினார்கள். யுத்தத்துக்குப் பிறகு டி.டி.டி. மருந்து வந்தது, 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டு வேலை ஆரம்பமாயிற்று. கொசு ஒழிந்த இடத்தில் மனிதன் தங்கலாம் என்று ஆயிற்று. பல தலைமுறைகளாகக் கிழக்கத்தியாரை மலையிலிருந்து இறக்கி அனுப்பிய காய்ச்சல், மேற்கத்தியார் வந்த சமயம் பார்த்து விடைபெற்றுக்கொண்டது! சரித்திரத்துக்கு இந்த மாதிரி வேடிக்கைகளில் பிரியம் அதிகம்.

அந்தச் சமயத்தில்தான் மொழிவழி ராஜ்யப் பேச்சு எழுந்தது. திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கிளர்ச்சி செய்தது. நேசமணி மூணாற்றில் கைதானார். 1954 ஆகஸ்டு 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. ராஜ்யத்தை அப்போது ஆண்டது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் மந்திரிசபை. "சுட்ட மந்திரிசபை ராஜினாமா செய்ய வேண்டும்" என்று அதே கட்சியின் ராம் மனோகர் லோகியா வற்புறுத்தினார். பட்டம் அசையவில்லை. அவர் யோசனை மலை உச்சியில் இருந்தது.

1955 தொடக்கத்தில் ஹைரேஞ்ச் குடியேற்றத் திட்டம் ஆரம்பமாயிற்று. குடும்பத்துக்கு 5 ஏக்கர் நிலம். குடிசை கட்டிக்கொள்ளச் சிறிது பண உதவி. கல்லாற்றிலும், மறையூர், காந்தளூர் பக்கங்களிலும் காலனிகள் எழுந்தன. கல்லாற்றுக் காலனிக்குப் பட்டம் காலனி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதற்குச் சற்றுத் தூரத்தில் இராமக்கல்மேடு இருக்கிறது. அங்கே நின்று கீழே பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தாம்பாளத்தில் வைத்தது போல் தெரியும். கீழே இருப்பவர்களுக்கு மேலே இருப்பது தெரியாது. இந்தத் திட்டத்தைப் பொறுத்தவரையில் அதுதான் உண்மை நிலையும்.

திட்டத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் உணவு உற்பத்தி, நிலமில்லாதவர்க்கு நிலம். இரண்டும் பொய்யல்ல. வந்தவர்கள் ஏழைகள். யானையோடும் மழையோடும் போராடி, மனைவி மக்களைப் பலி கொடுத்துத்தான் அவர்கள் மண்ணைத் திருத்தினார்கள். அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் எல்லைத் தகராறு நடக்கும் தாலுகாவில் எந்தப் பாஷைக்காரருக்கு வீடு கொடுப்பது என்பது உணவு உற்பத்தி சம்பந்தப்பட்ட கேள்வி மட்டும் அல்ல. அது தமிழர்களுக்கும் தெரியும், பட்டத்துக்கும் தெரியும்.

அந்த வருஷம் அடிவாரத்துக் கிராமங்களில் இதைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள்? ஆவணங்களில் அந்தப் பேச்சு இல்லை. சாவடித் திண்ணைப் பேச்சை எந்தத் தாசில்தாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் கதை எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. அந்தச் சலுகையில் கேட்டுப் பார்க்கலாம்.

"மேலே சர்க்கார் ஆளுக்கு அஞ்சு ஏக்கர் குடுக்குதாம்ல, மாமா?"

"குடுக்கட்டும் மாப்ளே. நமக்கா குடுக்குறாக?"

"கேட்டாக் குடுப்பாகளோ என்னமோ."

"கேட்டு என்ன செய்ய? காய் முடிஞ்சா நாம கீழே வந்துடுறோம். அந்தப் பனியிலே யாரு கிடக்குறது? நம்ம சாமி இங்கே, சனம் இங்கே."

திண்ணைக்குக் கீழே புளி உரித்துக்கொண்டிருந்த கிழவி மட்டும் தலை நிமிராமல் சொல்லியிருப்பாள்: "குடியிருக்கிறவனுக்குத்தான்டா காடு. கும்பிட்டுட்டு வாரவனுக்கு இல்லே."

கிழவி சொன்னதைத்தான் பெரிய பெரிய வக்கீல்கள் பிறகு இங்கிலீஷில் சொன்னார்கள். ராஜ்ய புனரமைப்புக் கமிஷன் முன்னால் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைப் பற்றி வந்த வாதங்களில் ஒன்று, அங்கே இருக்கும் தமிழர்கள் நிலையான குடிகள் அல்லர், வந்து போகும் கூலி ஜனங்கள் என்பது. தலைமுறை தலைமுறையாக லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவர்களும் இந்த வாதத்தில் 'வந்து போகிறவர்கள்' ஆனார்கள். ஏன்? காட்டுவதற்கு அவர்களிடம் சொந்த வீடு இல்லை. பருவத்துக்கு ஏறி இறங்கிய போடிக்காரனுக்கு வீடு உண்டு. ஆனால் அது மெட்டுக்குக் கீழே. மலையில் உழைப்புக்குச் சாட்சி இருந்தது. குடியிருப்புக்குச் சாட்சி இல்லை.

கமிஷன் 1955-ல் அறிக்கை கொடுத்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. குடியேற்றக் காலனிகளால்தான் இப்படி ஆயிற்று என்று சொல்வது மிகை. பொருளாதாரக் காரணங்களும் பிறவும் உண்டு. ஆனால் யார் குடி, யார் கூலி என்ற கேள்வி அந்தத் தராசில் ஒரு கல்லாகக் கிடந்தது என்பதில் சந்தேகமில்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால், "வீடு கட்டியவன் வென்றான், கட்டாதவன் தோற்றான்" என்று நீதி சொல்லி முடித்துவிடலாம். சரித்திரம் அவ்வளவு சுலபமாக நம்மை விடுவதில்லை.

1960-ல் பட்டம் தாணுப்பிள்ளை மறுபடியும் முதன்மந்திரி ஆனார், இம்முறை கேரளத்துக்கு. 1961-ல் இடுக்கி அணைத் திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்த குடியேறிகளை அவருடைய சர்க்கார் வெளியேற்றியது. அவர்களும் பஞ்ச காலத்தில் மலையேறி வந்த மலையாளக் குடியானவர்கள்தான். போலீஸ் வந்தது, குடிசைகள் போயின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைக் குமுளிக்குப் பக்கத்தில் அமராவதி என்ற இடத்தில் கொட்டும் மழையில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஏ. கே. கோபாலன் அங்கே உண்ணாவிரதம் இருந்தார். தேசம் திரும்பிப் பார்த்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் மலையில் வீடு கொடுத்த அதே மனிதரின் சர்க்கார், அதே மலையில் வீட்டைப் பிடுங்கியது. எல்லைக்கு ஆள் வேண்டியபோது குடியேறி. அணைக்கு நிலம் வேண்டியபோது ஆக்கிரமிப்பாளன். மனிதன் மாறவில்லை. ரிஜிஸ்டரில் அவனுக்கு இட்ட பெயர்தான் மாறியது.

ரிஜிஸ்டர் என்றதும் இன்னொரு விஷயம் சொல்லவேண்டும். ஏலமலைக் காட்டை ஒதுக்குக் காடாக அறிவித்துத் திருவிதாங்கூர் சமஸ்தானம் 1897 ஆகஸ்டில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன் பரப்பு 15,720 ஏக்கர் என்கிறது ஒரு கட்சி. 2,15,720 ஏக்கர் என்கிறது மற்றொரு கட்சி. முன்னால் ஒரு '2' உண்டா இல்லையா என்பதில் அடங்கியிருக்கிறது இரண்டு லட்சம் ஏக்கர்! அந்த மலையில் நிலம் வருவாய் இலாகாவுக்கு. நிலத்தில் நிற்கும் மரம் காட்டு இலாகாவுக்கு. 1964-ஆம் வருஷத்து நிலப் பதிவு விதிகளின்படி பட்டா வாங்கியவர்கள் அந்த நிலத்தில் பயிர் செய்யலாம், குடியிருக்க வீடு கட்டலாம்; வேறு கட்டடம் கூடாது என்று இருந்தது. பிறகு 1977 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்னால் வந்தவர்களுக்குப் பட்டா என்று ஒரு கோடு போட்டார்கள். 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட், ஏலமலைக் காட்டில் புதிய பட்டா கொடுக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. பட்டம் காலனி வந்து எழுபது வருஷத்துக்குப் பிறகும், "இந்த வீடு என்னுடையதுதானா?" என்று மலையில் பலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தமிழர்கள் பக்கம் என்ன ஆயிற்று? 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது, ஏலத்தோட்டங்களில் தங்கி வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் பல, இருந்ததை இருந்தபடி போட்டுவிட்டு அடிவாரத்துக்கு இறங்கி வந்தன. 2020-ல் கொரோனாவுக்காக மெட்டுகளை மூடியபோது ஜீப்புகள் நின்றன, கூலியும் நின்றது. அதே வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். கயத்தாறு பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் போனவர்களின் சந்ததி. பிழைத்தவர்களில் சில குடும்பங்களுக்குப் பிறகு குற்றியாறு பள்ளத்தாக்கில் நிலமும் வீடும் கிடைத்தன. பல தலைமுறைகள் உழைத்த மலையில் அவர்களுக்கென்று ஒரு வீடு கிடைக்க, மலையே சரிய வேண்டியிருந்தது. இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவது சுலபம். அந்த லயங்கள் எங்கே, எந்தச் சரிவில், எந்த ஓடைக்குக் கீழே இருக்கலாம் என்று என்றைக்காவது அவற்றில் குடியிருந்தவர்களை யாராவது கேட்டிருப்பார்களா?

இந்தக் கேள்விதான் இந்த நீண்ட கதையின் சாரம். காலனி எங்கே வரவேண்டும் என்று திருவனந்தபுரத்தில் தீர்மானித்தார்கள். லயம் எங்கே வரவேண்டும் என்று துரைகள் தீர்மானித்தார்கள். எல்லை எங்கே என்று டில்லியில் தீர்மானித்தார்கள். மலையில் தண்ணீர் எப்படி ஓடும், எந்தச் சரிவு எந்த மழைக்குக் கரையும், யானை எந்த வழியில் நடக்கும் என்று தெரிந்தவர்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சுக்கு விலை இல்லை. ஏனென்றால் அது காகிதத்தில் ஏறவில்லை.

இப்போது அது ஏறுவதற்கு ஒரு வழி உண்டு. தமிழ்நாட்டில் 1994-ஆம் வருஷப் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று வருஷத்துக்கு நாலாக இருந்தது, 2022 முதல் ஆறாயிற்று. பெரும்பாலான ஊர்களில் அது கையெழுத்து வாங்கும் கூட்டமாகவே முடிந்துவிடுகிறது என்பதும் உண்மைதான். ஆனால் 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் அந்தச் சபையின் கையில் ஒரு பெரிய காரியத்தைக் கொடுத்தது. காட்டில் யார் குடியிருக்கிறார்கள், எவ்வளவு காலமாக இருக்கிறார்கள், எந்த நிலத்தை அனுபவிக்கிறார்கள் என்று விசாரிக்கும் வேலையைத் தொடங்குவது கிராம சபை. 2005 டிசம்பர் 13-ஆம் தேதிக்கு முன்பே அங்கே இருந்த பழங்குடியினருக்கு அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அந்தக் காட்டில் குடியிருந்து அதை நம்பிப் பிழைத்தவர்கள் என்று காட்ட வேண்டும். எதைக் கொண்டு காட்டுவது? பட்டா இருந்தால் பட்டா. ரசீது இருந்தால் ரசீது. வீட்டின் அடையாளமும் கிணறும் இடுகாடும் கூடச் சாட்சிதான். இவை தவிர ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டால், விதிகளின்படி அதுவும் ஒரு சாட்சியம்.

ஊர்ப் பெரியவர் சொல்வது சாட்சியம்! 1955-ல் கிழவியின் பேச்சு புளியங்கொட்டையோடு சேர்ந்து முற்றத்தில் சிதறிப் போயிற்று. இப்போது முதுவாக்குடியில் ஒரு கிழவர், "என் பாட்டன் இந்தப் பாறைக்குக் கீழேதான் குடியிருந்தான்" என்று சொன்னால், அதை எழுத்தில் ஏற்றினால் சாட்சியமாகும் என்கின்றன விதிகள். ஆகவே மலைச் சரிவிலோ அடிவாரத்திலோ வீட்டுத் திட்டம் வருகிறது என்று தண்டோரா போட்டால், "எத்தனை வீடு? எத்தனை சதுர அடி?" என்று கேட்பதோடு எழுந்து போய்விடக் கூடாது. பட்டா யார் பெயரில்? வேலை போனாலும் வீடு நிற்குமா? மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும்? இந்த மூன்றையும் கேட்டு, பதிலைக் குறிப்பேட்டில் ஏற்றச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். போடிக்கு மேலே இருக்கும் மலை இந்த மூன்று கேள்விகளுக்கும் விலை கொடுத்துப் பதில் தெரிந்துகொண்ட மலை.